மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் பால் பொங்கிய கதை

1

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு விருந்து. அழைத்தவள் என் மகள் சாருகா. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் அவளுடைய வீடு இருக்கிறது. அங்கே அவள் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட எனக்கும் என் மனைவி பவளத்துக்கும் தோசை சுட்டுத் தருகிறாளாம். "கடையிலையிருந்து நீங்கள் ஒண்டும் கொண்டு வரக்கூடாது" என்று தொலைபேசியில் கட்டளை வேறு.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற மனிதனிடம் சொல்லுகிற பேச்சா இது? வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. மகள் சொன்னபடியால் "ஓம் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். பாரிசில் தெரியாதவர்கள் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இங்கே வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, 'மெர்சி' என்ற ஒரு சொல்தான். ஒரு றெஸ்ரோறன்ரின் பின்கட்டில் கோப்பை கழுவத் தொடங்கினேன். கோப்பை கழுவின கை வெங்காயம் வெட்டியது, வெங்காயம் வெட்டின கை தாச்சி பிடித்தது, தாச்சி பிடித்த கை கடைசியில் சொந்தக் கடையின் பூட்டுக்குரிய திறப்பைப் பிடித்தது. இன்றைக்கு மத்தியானத்தில் என் கடைவாசலில் நிற்கிற வரிசையில் தமிழனும் நிற்பான், ஆபிரிக்கனும் நிற்பான், கழுத்துப்பட்டி கட்டின பிரெஞ்சுக்காரனும் நிற்பான். ஆட்டிறைச்சி றோல்ஸ் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைதான். பாடுபட்டவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

என் கடையைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் காணாது. இது சாருகாவின் கதை. அவள் வென்ற கதை.

2

நாங்கள் வில்லியே லே பெல்லில் இருக்கிறோம். பாரிசுக்கு வடக்கே, றெயிலில் வந்து பிறகு பஸ்ஸும் பிடிக்க வேண்டிய ஊர். சாருகா பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். நன்றாகப் படித்தாள். ஆனாலும் வீட்டில், "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டால், "உய், பப்பா" என்றுதான் பதில் வரும். தாய் தமிழில் ஏசுவாள், மகள் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பாள். நான் பிரெஞ்சில் வாய் திறந்தால் மட்டும் அவளுக்கு உடனே தமிழ் வந்துவிடும். "அப்பா, காலிலை விழுறன், தமிழிலை கதையுங்கோ" என்பாள்.

அவள் தாதிமார் படிப்புப் படித்து முடித்து, பாரிசின் உள்ளே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை எடுத்தாள். அந்தச் செய்தி வந்த அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் இலவசம் என்று அறிவித்தேன். ஆனால் இந்த நாட்டில் வேலை கிடைத்தவுடன் அது நிரந்தரமில்லை. முதலில் ஒரு சோதனைக்காலம் வைப்பார்கள். அது முடிகிறபோது பிடித்தால் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

சாருகாவின் வேலை விடிகிற நேரத்தில் தொடங்கும். எங்கள் ஊருக்கு வருகிற றெயிலோ, தான் நினைத்த நேரத்தில் வரும், நினைத்த இடத்தில் நிற்கும். மகள் முடியைக் கட்டிக்கொண்டே படியிறங்குவாள். பஸ்ஸுக்கு ஓடுவாள், பஸ்ஸிலிருந்து றெயிலுக்கு ஓடுவாள், கார் து நோர் ஸ்ரேசனில் இறங்கி மறுபடியும் ஓடுவாள். பாணைக் கடித்துக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்து சோற்றுக்கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உறங்கிப்போவாள். அந்த நாட்களில் என் பிள்ளை நடந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு ஓடியும் பிந்திப் போனாள். தலைமைத் தாதி கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், "நீ கெட்டிக்காரி. நோயாளிகளுக்கும் உன்னைப் பிடிக்கும். ஆனால் இப்படியே பிந்தி வந்தால் சோதனைக்காலம் முடிகிறபோது உன்னை வைத்திருக்கச் சொல்லி என்னால் எழுத ஏலாது" என்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், சோறு போடுகிற தாயைப் பார்த்துச் சொன்னாள், "அம்மா, நான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒற்றை அறை ஸ்ரூடியோ வீடு ஒண்டு வாடகைக்கு எடுக்கப்போறன். தனிய."

பவளத்தின் கையில் அகப்பை நின்றுவிட்டது.

"கலியாணம் கட்டாத பிள்ளை தனி வீட்டிலையோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் எனக்கு வேலை தருமே, அம்மா?"

பவளம் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

3

சனம் சொல்லத்தான் செய்தது. என் கடைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிற சிவம், தலைமயிர் வெட்டுகிற கத்தரியோடேயே வந்து வாசலில் நின்றான்.

"அண்ணை, பெட்டை தனியப் போகப்போகுதாம். வீட்டிலை ஏதும் பிரச்சினையே?"

"ஓம் சிவம், பெரிய பிரச்சினை. பெட்டைக்கு ஆஸ்பத்திரியிலை வேலை கிடைச்சிட்டுது. உன்ரை பொடியனுக்கு அந்தப் பிரச்சினை இன்னும் வரேல்லை என்ன?"

சிவம் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இரண்டு நாள் றோல்ஸ் வாங்க வரவில்லை. பிறகு வந்தான். என் றோல்ஸை விட்டு எங்கே போவது?

பாரிசில் வீடு எடுப்பது லேசான காரியமில்லை. மார்க்ஸ் டோர்மோய் வீட்டைப் பார்க்க நாங்கள் போன அன்று படிக்கட்டு முழுக்கச் சனம். ஆளுக்கொரு பத்திரக் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. சம்பளத் துண்டு, வரித் துண்டு, வேலைப் பத்திரம், இவளுக்குப் பிணை நிற்கிறவர் யார், அவருடைய வரித் துண்டு எங்கே என்று இந்த நாட்டில் ஒரு கதவு திறக்க ஒரு கட்டுக் கடுதாசி வேண்டும். சாருகா எல்லாவற்றையும் நிறம் நிறமான உறைகளில் அடுக்கி வைத்திருந்தாள். பிணை நிற்கிறவன் நான். வரத் தேவையில்லை என்று அவள் சொன்னாள். கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நான் வந்தேன்.

வீட்டுக்காரி ஒரு வயதான மதாம். என் பிள்ளையின் பெருமையை நான்தான் சொல்ல வேண்டும் என்று முந்திக்கொண்டேன். என் மகள் தாதி என்று பிரெஞ்சில் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. அந்த மதாம் முகம் வாடி, சாருகாவின் காலைக் குனிந்து பார்த்து, "பாவம், இந்த ஆறு மாடியும் ஏறுவாளா?" என்று கேட்டார். பிரெஞ்சில் தாதிக்கு 'அன்ஃபிர்மியேர்', ஊனமுற்றவளுக்கு 'அன்ஃபிர்ம்'; என் வாயில் வந்தது இரண்டாவது சொல்லாம். சாருகா வாயைப் பொத்திக்கொண்டு திருத்திச் சொன்னாள். மதாம் படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். கொஞ்ச நாளில் வீடு எங்களுக்குத்தான் என்று அழைப்பு வந்தது.

தன்னுடைய கோப்பு ஒழுங்காக இருந்ததால் வீடு கிடைத்தது என்கிறாள் சாருகா. என் கோட்டுக்கும் என் பிரெஞ்சுக்கும் கிடைத்தது என்கிறேன் நான். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

4

வீடு கிடைத்தும் பவளம் இறங்கி வரவில்லை. பிறகு நன்றாக யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"முறைப்படி குடிபூர வேணும். நாள் பாத்து, நேரம் பாத்து, பால் காய்ச்ச வேணும். பால் நல்லாப் பொங்கினால் இவள் அங்கை இருக்கட்டும். பொங்காட்டி அண்டைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடை றெயில் ஏற வேணும். பிறகு ஒரு கதை இல்லை."

ஆஸ்பத்திரியில் சோதனைக்காலம் நடந்துகொண்டிருக்க, வீட்டில் தாய் இன்னொரு சோதனை வைக்கிறாள். சாருகா வாதாடவில்லை. கையை நீட்டி, "தக்கோர், அம்மா" என்றாள். அப்படியென்றால் சம்மதம். தாயும் மகளும் வெள்ளைக்காரர் மாதிரிக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"பால் பொங்கிறதுக்கு நான் பொறுப்பு" என்றேன் நான். "நெருப்போடை சீவியம் நடத்திறவன். ஒரு சட்டிப் பால் எனக்கொரு விசயமே?"

கோயில் ஐயரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைப் பவளம் எடுத்தாள். மத்தியானத்துக்கு முன்னம் நல்ல நேரம் முடிகிறது. பால் காய்ச்சுவதற்கு அவளிடம் அடி தட்டையான ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரம் உண்டு. வில்லியே லே பெல் வீட்டில் பொங்கியதும் அதில்தான். அதைப் புளி போட்டு மினுக்கி மடியில் வைத்துக்கொண்டு றெயிலில் வந்தாள்.

5

லிஃப்ட் இல்லாத கட்டடம். முதலில் சாமிப்படம், பிறகு உப்பும் மஞ்சளும், பிறகு குத்துவிளக்கு, நிறைகுடச் செம்பு, தேங்காய், மாவிலை என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம். பவளம் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். "இதுக்கு மேலை சொர்க்கம்தான்" என்றாள்.

அறையைச் சொல்ல வேண்டும். கட்டிலை விரித்தால் மேசையை மடிக்க வேண்டும், மேசையை விரித்தால் கட்டிலை மடிக்க வேண்டும். மூலையில் ஒரு சமையல் மேடை. அதன்மேல் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கிற ஒரு மின்னடுப்பு. ஆனால் யன்னல் பெரியது. திறந்தால் கூரைகளும், றெயில்பாதைகளும், நிறைய வெளிச்சமும்.

சாமிப்படம் வைக்க வேண்டும். "கிழக்கு எது?" என்றாள் பவளம்.

நான் உடனே கை காட்டினேன். "கார் து லெஸ்ற் இருக்கிற பக்கம். கிழக்கு ஸ்ரேசன் எண்டுதானே அதுக்குப் பேரே."

சாருகா போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த ஸ்ரேசன் இஞ்சையிருந்து தெற்கு. கிழக்கு யன்னல் பக்கம்" என்றாள். இத்தனை வருடமாக அந்த ஸ்ரேசனைப் பார்த்துத்தான் கடையில் காலையில் கும்பிடுகிறேன். சாமிக்குத் திசை தெரியும், பரவாயில்லை.

விளக்கு ஏற்றியாயிற்று. பித்தளைப் பாத்திரத்துக்குத் திருநீறு பூசி, பாலை வார்த்து, மின்னடுப்பில் வைத்தாள் பவளம். நான் கோட்டைக் கழற்றிவைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து பொத்தானை அழுத்தினேன்.

அடுப்பு 'பீப்' என்றது. ஒரு அடையாளம் விட்டுவிட்டு மின்னியது. பிறகு அணைந்தது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் பீப், மறுபடியும் மின்னல், மறுபடியும் இருட்டு. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பால் குளிர்ந்துபோய்க் கிடந்தது.

"வீட்டுக்காரி பழுதான அடுப்பைத் தந்திட்டாள்" என்றேன். "நான் ஓடிப்போய்க் கடையிலையிருந்து காஸ் அடுப்பைக் கொண்டாறன்."

"அப்பா, காஸ் இஞ்சை கொண்டு வரக்கூடாது. வீட்டுப் பத்திரத்திலை கையெழுத்துப் போட்டனான்."

"அப்ப மைக்றோவேவிலை..."

பவளம் பார்த்த பார்வையில் நான் வசனத்தை முடிக்கவில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

"சகுனம் சரியில்லை. பெட்டியை எடு பிள்ளை. போவம்."

போனால் மறுபடியும் அந்த பஸ், அந்த றெயில், அந்த ஓட்டம். இன்னும் சில தரம் பிந்தினால் வேலையும் போய்விடும். பால் பொங்க வைப்பேன் என்று மார்தட்டினவன் கையில் ஒரு வழியும் இல்லை.

சாருகா அழுவாள் என்று நினைத்தேன். அவள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு காந்தத்தைக் கழற்றினாள். எங்கள் மூவரின் படமும் போட்ட காந்தம், அவளுடைய சின்ன வயதில் கடற்கரைக்குப் போனபோது வாங்கினது. அதைப் பித்தளைப் பாத்திரத்தில் ஒட்டிப் பார்த்தாள். அது வழுக்கி விழுந்தது.

"அடுப்பு பழுதில்லை, அம்மா. இது இண்டக்சன். காந்தம் ஒட்டுற சட்டியைத்தான் இதுக்குத் தெரியும். பித்தளையைத் தெரியாது. நான் முந்தியே யோசிச்சிருக்க வேணும்." பிறகு சுவர்த் தட்டிலிருந்து ஒரு சட்டியை எடுத்தாள். காந்தம் ஒட்டியது. "இதிலை காய்ச்சுவமே?"

"அதிலை என்ன சமைச்சனீ?"

"நேற்றுச் சாமான் கொண்டுவந்து வைக்கேக்கை பசிச்சுது. முட்டை அவிச்சனான்."

"முட்டை அவிச்ச சட்டியிலை குடிபூரலுக்குப் பாலோ? என்ரை பாத்திரத்திலை பொங்கினால் பொங்கட்டும். இல்லாட்டி வா."

சாருகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு முன்னால் இப்படித்தான் நிற்பாள் போலிருக்கிறது, அவசரப்படாமல், எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்துக்கொண்டு. பிறகு முழந்தாளிட்டு, கட்டிலுக்கடியில் கையை விட்டு, கடுதாசி சுற்றின ஒரு பாரமான சாமானை இழுத்து எடுத்தாள். கடுதாசியைக் கிழித்தாள்.

தோசைக்கல். புத்தம் புதிய இரும்புத் தோசைக்கல்.

"இதிலை ஒண்டும் சுடேல்லை. இன்னும் பழக்கவேயில்லை" என்று தாயிடம் சொல்லிவிட்டுக் காந்தத்தை வைத்தாள். 'டக்' என்று ஒட்டியது. "கல்லு அடுப்பிலை, உங்கடை பாத்திரம் கல்லிலை. அடுப்பு கல்லைச் சூடாக்கும், கல்லு பாத்திரத்தைச் சூடாக்கும். சரியோ, அம்மா?"

பவளம் யோசித்தாள். புதுக்கல், மச்ச மாமிசம் படாதது. "சரி" என்றாள்.

எனக்கோ வேறு யோசனை. "இது எங்கை வாங்கினனீ?"

"உங்கடை கடைக்கு முன்கடையிலை."

"முன்கடையிலையோ? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்..."

"சொல்லியிருந்தால் நீங்கள் தோசையையே கொண்டு வந்திருப்பீங்கள், அப்பா. எனக்கு நானே சுட வேணும்."

அடுப்படியை விட்டு விலகி அவளுக்கு இடம் கொடுத்தேன். அடுப்பை விட்டு நான் தள்ளி நிற்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

இந்த முறை அடுப்பு பீப் என்று சொல்லவில்லை. சிவப்பு இலக்கம் ஒன்று எரிந்து நின்றது. ஆனால் தடித்த கல் லேசில் சூடேறாது. பவளம் கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தாள். நான் சுவர் மணிக்கூட்டையும் பாலையும் மாறி மாறிப் பார்த்தேன். நல்ல நேரம் முடியப் போகிறது. கல்லில் கிளம்பின சூடு முகத்தில் அடித்தது. பாலின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி. பிறகு இன்னொன்று. பிறகு ஆடை எழும்பியது, நின்றது, யோசித்தது, பிறகு ஒரே எழுச்சியாக எழும்பிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"கிழக்குப் பக்கமோ வழியுது, கிழக்கோ?" என்று கேட்டாள் பவளம், கண்ணைத் திறவாமலே.

"கிழக்குத்தான், அம்மா" என்றாள் சாருகா. உண்மையில் எல்லாப் பக்கமும் வழிந்தது. கிழக்கும் அதில் ஒன்று.

கொதிக்கிற இரும்பில் பால் விழுந்தால் என்ன ஆகும்? புகை. கூரையில் இருந்த புகைமணி கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அலறத் தொடங்கியது. மேளம் பிடிக்காத குறையை அது தீர்த்துவைத்தது. நான் கழற்றிவைத்த கோட்டை எடுத்து விசிறினேன். சாருகா கதிரையில் ஏறி மணியை நிறுத்தினாள்.

கதவு தட்டப்பட்டது. கீழ்மாடியில் குடியிருக்கிற இன்னொரு மதாம், வீட்டுச் செருப்போடு, கையில் ஈரத் துவாயோடு நெருப்பணைக்க வந்து நிற்கிறார். சாருகா கதவை அகலத் திறந்து வைத்து, பிரெஞ்சில் ஆறுதலாக எல்லாவற்றையும் சொன்னாள், எங்களுடைய வழக்கம் இது, பால் பொங்கினால் அந்த வீட்டில் நல்லது நடக்கும் என்று. என் பிரெஞ்சு எப்படியிருந்தாலும் ஒரு வார்த்தையைக் காது விடாமல் பிடித்தது. 'ஷே முவா' என்றாள். என்னுடைய வீட்டில் என்று அர்த்தம். அதுவரைக்கும் வீடு என்றால் அவள் வாயில் 'அம்மா அப்பா வீடு'தான்.

பவளத்துக்கும் அது விளங்கியது. எழுந்து, மிஞ்சின பாலில் சீனி போட்டு, முதல் கோப்பையை மகளுக்குக் கொடுத்தாள், இரண்டாவதை அந்த மதாமுக்கு. மதாம் குடித்துவிட்டு, நெருப்பு என்று நினைத்துத் தான் ஓடி வந்த ஓட்டத்துக்கு இன்னொரு கோப்பை தர வேண்டும் என்றார். அதையும் கொடுத்தோம்.

பின்னேரம் நாங்கள் இறங்கினபோது பவளத்தின் பையில் பாரம் இல்லை. "உம்முடைய பாத்திரத்தை மறந்து விட்டிட்டீர்" என்றேன்.

"மறக்கேல்லை. அது இனி அந்த வீட்டுச் சாமான்" என்றாள்.

6

அடுத்த நாள் காலையில் நான் வழக்கம்போலக் கடையைத் திறந்து, வாசலைக் கழுவிக்கொண்டு நின்றேன். தெருவின் மேற்பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்தது. முடியை அழகாகப் பின்னி, கையில் ஒரு அப்பிளைக் கடித்துக்கொண்டு, கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தது. கிட்ட வந்த பிறகுதான் என் பிள்ளை என்று தெரிந்தது. அவள் நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள்.

"போன்ஜூர், மிஸ்யூ" என்று வாடிக்கையாளர் மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாள். சிவம் சலூன் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தியோ, என்ரை மகள் வேலைக்குப் போறாள்" என்றேன். அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

சோதனைக்காலம் முடிந்த அன்று மத்தியானக் கூட்டத்துக்கு நடுவில் கடைக்குள் வந்தாள். வெள்ளை உடுப்பைக் கூட மாற்றவில்லை. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி என் காதுக்குள் சொன்னாள், இந்த முறை தமிழில்: "அப்பா, என்னை வைச்சிருக்கினம்." தலைமைத் தாதிதான் முதலில் கைதட்டினாராம். நான் அன்றைக்கும் தேத்தண்ணீர் இலவசம் என்றேன். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஏன் என்று விளங்கியதோ தெரியாது. குடித்தார்கள்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது வீட்டு வாடகையும் அவள்தான் கட்டுகிறாள், மின்சாரக்காரரோடு சண்டை பிடிப்பதும் அவள்தான். கீழ்மாடி மதாமுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பதும் அவள்தான். தோசைக்கல் நன்றாகப் பழகிவிட்டதாம். முதல் தோசைகள் கிழிந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லை, தாயிடம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு மாடியும் ஏறுவோம். பவளம் ஒவ்வொரு மாடியிலும் நிற்பாள். அந்த வீட்டின் திறப்பு என்னிடம் இல்லை, நான் கேட்டதுமில்லை. லாச்சப்பலில் எந்தக் கடைக்குள்ளும் பின்வாசலால் நுழைகிற நான், கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், மணியை அடித்துவிட்டுக் காத்து நிற்பேன். உள்ளே கல்லில் மா விழுகிற சத்தம் கேட்கும். பிறகு அவள் குரல் கேட்கும்:

"வாறன், பொறுங்கோ."

பொறுப்பேன். என் மகளுடைய வீடு அது.